மாப்பிள்ளை காரின் டாப்பு மடங்கவில்லை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஒரு காரின் கூரையை மடக்கும் சுவிட்ச் கெட்டுப்போனதைப் பற்றி எழுதப்போகிறேன். வரலாற்று வாத்தியாருக்கு இது என்ன வேலை என்று என் வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை. ராத்திரி எட்டு மணி இருக்கும். போன் வந்தது. பேசியவர் என் பழைய மாணவர். அவனியாபுரம் போகிற வழியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். அவருடைய அப்பா காலத்து அமெரிக்க வண்டி ஒன்று அங்கே நிற்கிறது. துணி டாப்பு போட்ட, டாப்பைப் பின்னால் மடக்கித் திறக்கிற வண்டி. 1950களின் பிற்பாதியில் செய்தது. தூதரக வண்டியாக இந்தியாவுக்கு வந்து, ஏலத்தில் மூன்று கை மாறி மதுரைக்கு வந்ததாக அவருடைய அப்பா சொல்வார். கல்யாண சீசனில் மாப்பிள்ளை அழைப்புக்கு அதை வாடகைக்கு விடுவார்கள். மற்ற நாளில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும்.

"சார், வண்டி நல்லா ஓடுது. டாப்புதான் மடங்க மாட்டேங்குது. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஊர்ல நிக்கணும். என்ன செய்யச் சொல்றீங்க?"

நான் என்ன சொல்ல? அந்த வண்டியைப் பேசி முடித்துக் கொடுத்தவனே நான்தான். வேறு வண்டி பார்க்கலாம் என்றால், மறுநாளைக்கு அடுத்த நாள் பெரிய முகூர்த்தம். மதுரையில் கூரை இல்லாத வண்டி எதுவும் சும்மா நிற்காது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

டாப்பு மடங்காவிட்டால் மூடிய காரிலேயே மாப்பிள்ளை போகட்டுமே என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்கலாம். மதுரைக்காரர் கேட்க மாட்டார். இங்கே ஊர்வலம் என்பதே பார்க்கப்படுவதற்காகத்தான். இந்த ஊரின் அமைப்பையே பாருங்கள். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரம் சதுரமாக வீதிகள். சாமி சுற்றி வருவதற்கென்றே போட்ட வீதிகள். அதற்கும் வெளியே இருந்த கோட்டைச் சுவரை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வந்தவைதான் வெளி வீதிகள். இத்தனை சுற்று வீதி உள்ள ஊரில், மாப்பிள்ளையும் ஒரு சுற்று வந்தால்தான் கல்யாணம். முதலில் பல்லக்கு. பிறகு குதிரை பூட்டிய சாரட்டு. அதற்குப் பிறகு திறந்த கார். வாகனம் மாறியது. உட்கார்ந்திருப்பவரைத் தெரு முழுக்கப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் மாறவே இல்லை.

மேல்நாட்டில் கதை வேறு. கார் வந்த காலத்தில் எல்லாக் காருமே திறந்த கார்தான். குதிரை வண்டியின் பிள்ளை அல்லவா! மழை வந்தால் இறங்கி, கம்பியை விரித்து, துணியை இழுத்துக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் 1920களின் நடுவில்தான் மூடிய கார்கள் திறந்த கார்களை எண்ணிக்கையில் முந்தின. அதுவரை கூரைதான் பணக்காரனின் அடையாளம். அதன் பிறகு தலைகீழ்! எல்லாரிடமும் கூரை வந்துவிட்டது. கூரையைத் திறக்க முடிந்தவன் பணக்காரன் ஆனான். ஆனால் அவன் இறங்கித் துணியை இழுத்துக் கட்ட மாட்டானே. அங்கேதான் சுவிட்சின் கதை தொடங்குகிறது.

1934-லேயே பிரான்சில் பெஜோ கம்பெனி, இரும்புக் கூரை முழுவதும் பின்பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளும் ஒரு காரை விற்றது. அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் ஜார்ஜ் பொலன். 1939-ல் அமெரிக்காவின் பிளிமத், துணி டாப்பை எஞ்சின் இழுக்கிற காற்றின் வெற்றிடத்தைக் கொண்டே மடக்கிக் காட்டியது. போருக்குப் பிறகு வந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். மின்சார மோட்டார், அது ஓட்டும் எண்ணெய்ப் பம்ப், இரண்டு பக்கமும் இரண்டு சிலிண்டர். சுவிட்சை அழுத்தினால் மோட்டார் சுற்றும், எண்ணெய் சிலிண்டருக்குள் பாயும், சிலிண்டரின் தண்டு நீளும், டாப்பு எழும். மறுபக்கம் அழுத்தினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், டாப்பு இறங்கும். ஜே.சி.பி.யின் கை மடங்குகிறதே, அதே தத்துவம்தான்.

ஃபோர்டு கம்பெனி 1957-ல் ஒரு படி மேலே போய் 'ஸ்கைலைனர்' என்று ஒரு காரை விட்டது. முழு இரும்புக் கூரை. முன்பக்கம் ஒரு துண்டு மட்டும் மடங்கி, மொத்தமாகப் பின்பெட்டிக்குள் இறங்கும். அதற்கு மட்டும் 600 அடிக்கு மேல் ஒயர். மூன்று ஆண்டில் 50,000 வண்டிகூடத் தேறவில்லை, நிறுத்திவிட்டார்கள். நம்ம மாணவரின் வண்டி அவ்வளவு மோசமில்லை. ஒரு பம்ப், இரண்டு சிலிண்டர், ஒரு சுவிட்ச், நாலைந்து ஒயர். அம்புட்டுத்தான்.

இனி, அந்த ஊருக்கு ஏன் திறந்த வண்டி என்று சொல்லிவிடுகிறேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பேர் வேண்டாம். 1980களில் அங்கே ஏழு வருஷம் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஒரே தெருதான். அந்தத் தெருவில் சிலர் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, சைக்கிளில் ஏறி ஓட்டக் கூடாது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எல்லாருக்கும் தெரியும்.

பத்தாம் வகுப்பில் குடிமையியல் நடத்துவேன். அரசியலமைப்பின் 15-வது பிரிவு. கடை, கிணறு, குளம், படித்துறை, சாலை எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது. 'சாலை' என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பையன்களைக் கோடு போடச் சொல்வேன், மார்க் வரும் என்று. நாலரைக்கு மணி அடிக்கும். முதல் பெஞ்சில் உட்கார்ந்து கோடு போட்ட பையன் ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவான். தெருமுனை வந்ததும் இறங்குவான். செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே போவான். நான் அவனுக்குப் பின்னால் என் சைக்கிளில் ஏறியபடியே போய் அவனைத் தாண்டுவேன். "வர்றேன் சார்" என்பான். "சரிப்பா" என்பேன். ஏழு வருஷமும் இதுதான் நடந்தது. ஒரு நாளும் நான் இறங்கவில்லை.

அந்தப் பையனின் மகனுக்குத்தான் கல்யாணம்.

பையனின் அப்பா, அதாவது மாப்பிள்ளையின் தாத்தா, 1960களின் கடைசியில் கல்யாணம் ஆனவர். பெண் வீட்டிலிருந்து மாட்டு வண்டியில் வந்தவர், அதே தெருமுனையில் மாலையோடு இறங்கி, புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போயிருக்கிறார். அதனால்தான் மகன் எனக்குப் போன் செய்து கேட்டார்: "சார், நீங்க சொன்னா வண்டி கிடைக்கும். டாப்பு இல்லாத வண்டியா வேணும். அப்பா பாக்கணும்."

தெருவுக்காக நடந்த சண்டை நம் நாட்டில் பழசு. 1924-25-ல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் போவதற்காக அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த சாலையில் நடப்பதற்காக. பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றது அந்தச் சாலைக்காகத்தான். மதுரையில் 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனவர்களில் ஒருவர் கக்கன். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக்காரர். பின்னாளில் மாநிலத்தின் உள்துறை அமைச்சர். கோயில் கதவு திறந்த கதையை எல்லாரும் சொல்கிறோம். அதே வட்டாரத்தில் தெருக்கள் அதற்கப்புறமும் எத்தனை வருஷம் மூடிக் கிடந்தன என்பதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1989-ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. அந்தத் திருத்தத்தில் குற்றங்களை விவரமாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது, செருப்போ புதுத் துணியோ போடுவதைத் தடுப்பது, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது, ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது. வடக்கே குதிரை, இங்கே கார். நாடாளுமன்றம் உட்கார்ந்து செருப்பு, சைக்கிள், கல்யாண வண்டி என்று பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒர்க் ஷாப்புக்கு வருவோம்.

நான் போனபோது மாணவர் பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பம்ப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பையன் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தான். "சத்தமே இல்ல சார். மோட்டார் முக்குனாக்கூட ஒரு நம்பிக்கை வரும்" என்றார்.

அவர் வேலை பார்த்த வரிசையைச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் முன் கண்ணாடிக்கு மேலே டாப்பைப் பிடித்திருக்கும் கொக்கிகள் இரண்டும் சரியாக விடுபட்டிருக்கின்றனவா என்று பார்த்தார். பாதிப் பேர் இதை விட்டுவிட்டு மோட்டாரைக் கழற்றுவார்களாம். அடுத்து பேட்டரி. பன்னிரண்டரை வோல்ட், நல்ல நிலை. அடுத்து டெஸ்ட் லேம்ப். ஒரு பல்பு, இரண்டு ஒயர், இவ்வளவுதான் கருவி. சுவிட்சுக்கு வருகிற ஒயரில் வைத்தார், எரிந்தது. சுவிட்சை அழுத்தச் சொல்லி, வெளியே போகிற ஒயரில் வைத்தார், அங்கேயும் எரிந்தது.

"அப்ப சுவிட்ச் நல்லாத்தானே இருக்கு?" என்றேன், பெரிய ஆள் மாதிரி.

"அப்படித்தான் சார் எல்லாரும் ஏமாறுவாங்க. இந்தப் பல்புக்கு எம்புட்டு கரண்ட் வேணும்? ஒரு சொட்டு. சொட்டுத் தண்ணி அடைச்ச குழாயிலயும் வரும். தொட்டி ரொம்பணும்னா வருமா?"

மோட்டார் ஒயரைக் கழற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, சுவிட்சை அழுத்திப் பிடித்தபடி மல்டிமீட்டரில் அளந்தார். உள்ளே வருவது பன்னிரண்டு. வெளியே போவது நாலு வோல்ட்டுக்கும் கீழே. சுமை இல்லாதபோது நல்லபிள்ளையாக இருந்த சுவிட்ச், சுமை ஏறியதும் கையை விரித்துவிட்டது. சந்தேகம் தீர, சுவிட்சை விட்டுவிட்டு ஒரு தடித்த ஒயரை எடுத்து வருகிற முனையையும் போகிற முனையையும் நேராக இணைத்தார். பின்னால் 'ம்ம்ம்' என்று மோட்டார் முனகியது. டாப்பு ஒரு சாண் எழுந்தது. எனக்குக் கோயில் கொடி ஏறியது போல இருந்தது.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு சுவிட்சை வெளியே எடுத்தார். (இதை மறந்துவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றாமல் டேஷ் போர்டுக்குப் பின்னால் ஸ்பேனர் விட்டால் தீபாவளிதான்.) பிரித்துப் பார்த்தால், உள்ளே செம்புத் தகடு கன்னங்கரேல் என்று கருகி, பிடித்திருந்த பேக்கலைட் விரிந்துபோயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினார். இரண்டு தடவை வேலை செய்தது. மூன்றாவது தடவை செத்துவிட்டது.

ஒரிஜினல் சுவிட்ச் அமெரிக்காவில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஆனால் வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். மணி பத்து. டவுனில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் மதியமே காட்டியிருக்கிறார். "மொத்த செட்டையும் மாத்தணும், பார்ட்ஸ் கிடைக்காது, விட்டுருங்க" என்று பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்களாம்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மதுரைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் போனால் அந்த ராத்திரி நடந்தது புரியாது.

டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பின்னர் மதுரை அவருடைய தலைமையிடம் ஆனது. மேல வெளி வீதியில் அந்தக் கட்டிடத்தைத் தாண்டாமல் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் யாரும் போயிருக்க முடியாது. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை இந்தப் பக்கம் விற்றதும் அவர்கள்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் வண்டிகளைப் பொருத்தும் ஆலை வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் 'கேஸ் பிளான்ட்' செய்து விற்றார்கள். பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டிய ஊர் இது. இல்லாததை வைத்து ஓட்டுவது மதுரைப் பட்டறைகளுக்கு அப்போதே பழகிவிட்டது.

1953-ல் இந்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாத வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் கடையைக் கட்ட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அடுத்தடுத்துப் போயின. கொள்கை சரியா தப்பா என்று பொருளாதார வாத்தியார்கள் சண்டை போடட்டும். நமக்கு வேண்டியது வேறு. ஏற்கெனவே வந்திருந்த செவர்லே, ஃபோர்டு எல்லாம் ஒரே நாளில் அநாதையாயின. உதிரி பாகம் வராது. வண்டி ஓடியாக வேண்டும். அடுத்த 30 ஆண்டு அவற்றைக் காப்பாற்றியது யார்? லேத் பட்டறைக்காரரும் ஆட்டோ எலக்ட்ரீஷியனும்தான். 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கி, சென்னை பாடியில் டைனமோ, ஸ்டார்ட்டர் எல்லாம் இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகு கொஞ்சம் மூச்சு விட்டார்கள். அம்பாசடர் ரிலேயை அமெரிக்க வண்டிக்கு மாட்டுவது, லாரி சுவிட்சைக் காருக்கு மாட்டுவது எல்லாம் அந்தக் காலத்துப் படிப்பு. புதுசு கிடைக்காதவனுக்குத்தான் பழசு ஏன் கெட்டது என்று தேடிப் பார்க்கத் தோன்றும்.

திறந்த வண்டி கிடைக்காதவர்கள் இருக்கிற வண்டியைத் திறந்துகொண்டதும் உண்டு. சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் 1961-லிருந்து செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குக் கூரை தனியாக போல்ட்டில் நிற்கும். அதைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளையை ஏற்றிய வண்டியை நானே பார்த்திருக்கிறேன். அம்பாசடரின் கூரையை அறுத்த புத்திசாலிகளும் உண்டு. அந்த வண்டிக்குக் கூரையும் முதுகெலும்பு மாதிரி. அறுத்த பிறகு நடு உடம்பு தொய்ந்து கதவு சாத்தாது. இப்போது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி அப்படி வெட்டி மாற்றவும் கூடாது.

திறந்த கூரைக்கு ஆபத்தும் உண்டு என்பதை 1963 நவம்பர் 22 உலகத்துக்குச் சொன்னது. டல்லஸ் நகரில் அன்று காலை மழை விட்டதால் கென்னடியின் காருக்கு பிளாஸ்டிக் கூரை மாட்டவில்லை. அந்தக் கூரை குண்டு துளைக்காதது அல்ல என்பது வேறு விஷயம். அன்று ராத்திரி எனக்கு அந்த நினைப்பும் வந்தது, பொய் சொல்வானேன். தெருமுனையில் யாராவது கல்லெடுத்தால்? மாணவரிடம் சொன்னேன். அவர் ஒயர் வெட்டிக்கொண்டே, "அதுக்குத் துணி டாப்பு தாங்குமா சார்? மூடிட்டுப் போனாலும் கல்லு கல்லுதான்" என்றார்.

பதினோரு மணிக்கு ஒரு லாரி எலக்ட்ரிக்கல் கடைக்காரரை எழுப்பி இரண்டு கனமான ரிலேயும் ஒரு சுவிட்சும் வாங்கிவந்தார். சுவிட்ச் எப்படிப்பட்டது என்பது முக்கியம். நடுவில் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் அழுத்தலாம், கையை எடுத்தால் தானாக நடுவுக்குத் திரும்பிவிட வேண்டும். போட்டால் அப்படியே நிற்கிற சுவிட்சை மாட்டினால், டாப்பு முழுக்க மடங்கிய பிறகும் மோட்டார் முட்டிக்கொண்டே நின்று எரிந்துபோகும்.

ரிலே எதற்கு என்றால், பழைய ஏற்பாட்டில் மோட்டாரின் முழு மின்சாரமும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகவே போனது. 60 வருஷத்துக்கு மேல் அந்தச் சுமையைத் தாங்கியதே பெரிசு. இப்போது சுவிட்ச் ரிலேக்குக் கண்ணை மட்டும் காட்டும். சுமையைப் பேட்டரியிலிருந்து நேராக வாங்கி மோட்டாருக்குக் கொடுப்பது ரிலேயின் வேலை. இந்த மோட்டாரில் ஏறுவதற்கு ஒரு ஒயர், இறங்குவதற்கு ஒரு ஒயர், பாடியில் எர்த். ஆகவே ஏற ஒரு ரிலே, இறங்க ஒரு ரிலே. பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ்.

மாட்டியாயிற்று. டாப்பு மடங்கியது. எனக்குத் தூக்கம் சொக்கியது. கிளம்பலாமா என்றேன்.

"இருங்க சார். சுவிட்ச் ஏன் கருகுச்சுன்னு பாக்காமப் போனா, புதுசும் கருகும்."

கிளாம்ப் மீட்டரைப் போட்டார். டாப்பு எழும்போது 50 ஆம்பியருக்கு மேல் காட்டியது. மோட்டார் அளவுக்கு மீறித் திணறுகிறது என்று அர்த்தம். தேடினால் மூன்று காரணம். டாப்பின் இரும்புச் சட்டத்தில் மூட்டுகள் எண்ணெய் காணாமல் வறண்டிருந்தன. பம்ப் தொட்டியில் எண்ணெய் பாதிதான். மோட்டாரின் எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடத்தில் துருப் பிடித்திருந்தது. துருவைச் சுரண்டி, மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட்டு, தொட்டியை நிரப்பினார். அந்தக் காலத்து வண்டிகளில் இந்தப் பம்ப்புக்கு பிரேக் எண்ணெய்தான் ஊற்றினார்கள். பிற்கால வண்டிகளுக்கு கியர் பெட்டி எண்ணெய் வகை. ஒன்றில் இன்னொன்றைக் கலந்தால் சிலிண்டரின் ரப்பர் ஊதிப்போகும். எது இருந்ததோ அதுவே. பிரேக் எண்ணெய் பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட் உரிந்து வந்துவிடும் என்று பையனை ஈரத்துணியோடு பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

மறுபடி மீட்டர். 30 சொச்சம். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மணி இரண்டேகால். டீக்கடைகூட இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். வழியில் மறுபடி மக்கர் செய்தால், சிலிண்டர் தண்டை டாப்புச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு நாலு பேர் சேர்ந்து கையாலேயே மடக்கிவிடலாம். கத்திரிக்கோல் மாதிரி மடங்குகிற இடத்தில் மட்டும் விரலை விடக் கூடாது. பதினேழாம் நம்பர் ஸ்பேனரை என் கையில் கொடுத்து, "நீங்க வச்சுக்கங்க சார்" என்றார். மறுநாள் முழுக்க அது என் ஜிப்பா பையில் கனத்துக்கொண்டே இருந்தது.

வியாழன் சாயங்காலம் ஊர் எல்லையில் வண்டி நின்றது. மானம் கறுத்திருந்தது. டாப்பு மூடியபடிதான் வந்தது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். மேளக்காரர்கள் முன்னால். தெருமுனை வந்ததும் மாணவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டு கொக்கியையும் விடுவித்தார். சுவிட்சை அழுத்தினார். டாப்பு எழுந்து, நடுவில் ஒரு நொடி நின்றது மாதிரி எனக்குத் தோன்றியது, பையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மெதுவாகப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

தாத்தாவை முன் சீட்டில் உட்காரச் சொன்னோம். "நீங்க உக்காருங்க வாத்தியாரய்யா. நான் நடந்தே வாரேன்" என்றார். காலில் புதுச் செருப்பு. வண்டிக்குப் பக்கத்தில், கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு தெருவின் அந்தக் கடைசி வரைக்கும் நடந்தார். நானும் உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் நடந்தேன். என் பழைய மாணவர், மாப்பிள்ளையின் அப்பா, என் பக்கத்தில் வந்தார். அவர் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. 1980களில் பேசியிருக்க வேண்டியதை அன்றைக்குப் பேசி என்ன ஆகப்போகிறது.

கல் எதுவும் வரவில்லை. ஒரு போலீஸ் ஜீப் தள்ளி நின்றது. சில திண்ணைகளில் ஆள் இல்லை, கதவும் சாத்தியிருந்தது. சில திண்ணைகளில் இருந்து பார்த்தார்கள். ஒரு பாட்டி மட்டும் சத்தமாக, "யாரு வீட்டு மாப்பிள்ளை?" என்று கேட்டார். தாத்தா தன் பெயரைச் சொல்லி, "அவன் பேரன்" என்றார்.

மண்டபம் போய்ச் சேர்வதற்குள் தூறல் போட்டுவிட்டது. பட்டு வேட்டி நனைவதற்குள் டாப்பு மேலே ஏறிவிட்டது. அதற்கும் அதே சுவிட்ச்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லாரிக் கடை சுவிட்ச் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அந்த வண்டியின் டேஷ் போர்டில் அது வெள்ளை வேட்டியில் ஒட்டுப் போட்டது போல இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, ராஜபாளையம் பக்கம் யார் வீட்டுக் கொட்டகையிலாவது 1955-60 அமெரிக்க வண்டி உடைந்து கிடந்தால், டேஷ் போர்டில் குரோமியம் குமிழ் வைத்த டாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்பாக்ஸில் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். கருகியிருந்தாலும் பரவாயில்லை, உள்ளே தகடு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் மாணவர்.